கீழே ஒரு தேதி

என் புரோகிராமை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மருத்துவமனை முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் அன்று காலை மருந்தகத்துப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் நேராக விஷயத்துக்கு வராமல், "மேடம், டீ குடிச்சாச்சா?" என்று ஆரம்பித்தாள்.

"குடிச்சாச்சு. சுத்தி வளைக்காம சொல்லு."

கையிலிருந்த மருந்துச் சீட்டை மேசையில் வைத்தாள். "நாலாவது வார்டுல ஒரு காலேஜ் பொண்ணு. பென்சிலின் ஊசி எழுதி வந்திருக்கு. ஆனா கையில சிவப்பு வளையம் போட்டிருக்கா, பென்சிலின் ஒத்துக்காதுன்னு. ஸ்கிரீன்ல அவ நம்பரை அடிச்சா, தடை இல்லைன்னு வருது."

"அப்போ வளையம் தப்பு."

"இருக்கலாம் மேடம்." அவள் போகவில்லை. சீட்டின் முனையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். "தடை இல்லைன்னு போட்டுட்டு, கீழே ஓரத்துல ஒரு தேதி வேற காட்டுது. அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பேனா நழுவி விழுந்து உருண்டு அவள் காலடிக்குப் போயிற்று. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

"என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"கீழே ஒரு தேதி இருக்கு மேடம்."

இதே வார்த்தைகளை ஆறு வருடங்களுக்கு முன்னால் இன்னொருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவள் என் அண்ணி. அவள் பொய் சொல்கிறாள் என்று பத்துப் பேர் முன்னால் நிரூபித்தவள் நான்.

அண்ணி இதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். அண்ணியாவதற்கு முன்னாலேயே எனக்குச் சிநேகிதி. கேன்டீனில் வைத்து அண்ணனுக்கு அவளைக் காட்டியதே நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் டப்பாவைத் திறந்து பார்த்து, "நாத்தனாரே, இதை நீயே சமைச்சியா, இல்ல உன் கம்ப்யூட்டர் சமைச்சுதா?" என்று கிண்டல் செய்வாள்.

அப்புறம் அந்தத் தையல்காரர் வந்தார். காலில் ஆறாத புண். டாக்டர் பென்சிலின் எழுதினார், அண்ணி ஊசி போட்டாள். பத்து நிமிடத்தில் அவருக்கு மூச்சு அடைத்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது நான்கு வருடத்துக்கு முன்பே எங்கள் கணினியில் பதிவாகியிருந்தது. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும் என்பது விதி. சிவப்பு வளையம் எல்லாம் அப்போது கிடையாது. அவர் செத்த பிறகுதான் அது வந்தது.

விசாரணையில் அண்ணி சொன்னாள், "நான் பாத்தேன். தடை இல்லைன்னு இருந்துச்சு. கீழே ஓரத்துல பதினேழு மூணுன்னு ஒரு தேதி இருந்துச்சு."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் எல்லோருக்கும் முன்னால் தையல்காரரின் எண்ணை அடித்தேன். சிவப்பாக, 'தடை உண்டு' என்று வந்தது. பிறகு எந்த ஒவ்வாமையும் இல்லாத வேறொருவரின் எண்ணை அடித்தேன். 'தடை இல்லை' என்று வந்தது, கீழே தேதிக்கான இடம் காலியாக இருந்தது. "தடை உண்டுன்னா தேதி வரும். தடை இல்லைன்னா வராது. ரெண்டும் சேர்ந்து வரவே வராது," என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாரும் கேட்காமலே, "என் புரோகிராம் பொய் சொல்லாது. அவங்க ஸ்கிரீனையே பாத்திருக்க மாட்டாங்க," என்றும் சொன்னேன். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். 

அவள் வேலை போயிற்று. நர்ஸ் உரிமமும் போயிற்று. அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. வருடத்துக்கு இரண்டு முறை அண்ணன் போன் செய்து, நல்லா இருக்கியா என்று கேட்டு வைத்துவிடுவான். அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளுக்குக் கோபம் வேறு ஒரு கேடா என்று எனக்கும் கோபம். ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

"மேடம், அந்த ஊசி?" என்றாள் மருந்தகத்துப் பெண்.

"குடுக்காத. டாக்டர்கிட்ட வேற மருந்து எழுதச் சொல்லு. வளையத்தை நம்பு."

"வளையத்தையா மேடம்?" அவளுக்கு நம்ப முடியவில்லை. என் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

அவள் போனதும் புரோகிராமைத் திறந்தேன். ஆர்.பி.ஜி. என்ற பழைய மொழியில் எழுதியது. பதினெட்டு வருடமாக என் பிழைப்பு அதில்தான். புது ஆட்கள் அதைப் பார்த்தால், "இன்னுமா இது உயிரோட இருக்கு?" என்பார்கள். இருக்கிறது, உங்களுக்குச் சம்பளமே அதில்தான் வருகிறது, போங்கடா என்பேன்.

தேடும் வேலை எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்துகள் பதிவுகளாக அடுக்கியிருக்கும், புதியது மேலே, பழையது கீழே. லூப் என்ற சுற்றுக் கட்டளை ஒன்று அவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும், படிக்கும்போதே அதன் தேதியைக் கீழ் ஓரத்தில் போட்டுவிடும். பதிவில் உள்ள மருந்தின் பெயரும் டாக்டர் எழுதிய மருந்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் 'தடை உண்டு' என்று எழுதிவிட்டு வெளியே வரும். பதிவுகள் தீர்ந்துபோனால் தேதி இடத்தைத் துடைத்துவிட்டு, 'தடை இல்லை' என்று வெளியே வரும். வெளியே வர இரண்டே வாசல். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் சந்தேகம் பெயரின் மேல் போயிற்று. இரண்டு சொற்களை ஒப்பிடும்போது எங்கள் கணினி கண்டிப்பான வாத்தியார். பெயருக்குப் பின்னால் எத்தனை காலி இடம் இருந்தாலும் மன்னித்துவிடும். முன்னால் ஒரே ஒரு காலி இடம் இருந்தாலும், இது வேறு அது வேறு என்று அடித்துச் சொல்லிவிடும். பதிவு மேசையில் யாரோ கட்டைவிரல் பட்டு முன்னால் ஒரு இடம் விட்டுத் தொலைத்திருப்பார்கள். எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. தப்பு வேறு யாருடையதோ என்றால் எனக்கு எப்போதுமே தெம்பு வரும்.

பதிவு மேசைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நாலாவது வார்டுப் பொண்ணுக்கு பென்சிலின் ஏத்தினது யாரு?"

"நான்தான் மேடம்."

"முன்னாடி ஸ்பேஸ் விட்டிருக்கீங்க. எத்தனை தடவை சொல்றது? கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு அடிக்க மாட்டீங்களா?"

"இல்லையே மேடம். நான் பாத்துத்தான் அடிச்சேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்று வைத்துவிட்டேன்.

இரண்டு பெயர்களையும் எண்களாக விரித்துப் பார்த்தேன். எங்கள் கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, காலி இடத்துக்கு 40. பதிவில் பத்து எழுத்துக்குப் பத்து எண்கள், பிறகு வரிசையாகப் பத்து நாற்பதுகள். டாக்டரின் சீட்டில் அதே பத்து எண்கள், பிறகு இருபது நாற்பதுகள். முன்னால் ஒன்றுமில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக மூன்று முறை பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

அந்த மனிதர் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்.

பெயர்கள் ஒன்று என்றால் 'தடை உண்டு' என்று வந்தே தீர வேண்டும். புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். முதல் பதிவைப் படித்தது. அடுத்த வரி. அடுத்த வரி. அதற்கடுத்து பெயர்களை ஒப்பிடும் வரிக்கு வர வேண்டும். வரவில்லை. ஒரே தாவலாகத் தாவி லூப்புக்கு வெளியே போய் நின்றது. நான் அரை நாளாக எந்த ஒப்பீட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்த ஒப்பீடு நடக்கவே இல்லை.

எந்த வரியிலிருந்து தாவியது என்று பார்த்தேன். பதிவு ரத்து செய்யப்பட்டதா என்று கேட்கும் வரி. எங்கள் மருத்துவமனையில் எந்தப் பதிவையும் அழிப்பதில்லை. தவறாக ஏற்றிவிட்டால் அதன் மேல் 'ரத்து' என்று ஒரு குறி போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். ரத்தான பதிவு வந்தால் புரோகிராம் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பதிவுக்குப் போக வேண்டும். அதற்கு ஐட்டர் என்று ஒரு கட்டளை உண்டு. நான் எழுதியிருந்தது லீவ். தேடுவதையே விட்டுவிட்டு வெளியே வா என்று பொருள்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. மேலே இருந்தது, யாருக்கோ ஏற்ற வேண்டியதை இவளுக்கு ஏற்றி, பிறகு ரத்து செய்தது. அதற்குக் கீழே பென்சிலின். மேலே இருந்த செத்த பதிவைப் பார்த்ததும் என் புரோகிராம் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டது. பெயர் ஒத்துப்போகவில்லை, அதனால் 'தடை இல்லை'. பதிவுகளும் தீரவில்லை, அதனால் தேதியை யாரும் துடைக்கவில்லை. கடைசியாகப் படித்த பதிவின் தேதி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு வாசல் இருந்திருக்கிறது.

மாற்றிய வரிக்கு இடது ஓரத்தில் மாற்றியவர் குறியும் தேதியும் போடுவது எங்கள் வழக்கம். என் குறிதான் இருந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ரத்தான பதிவுக்கெல்லாம் சிவப்பு காட்டுகிறது, உடனே சரிசெய்து கொடு என்று மருந்தகத்திலிருந்து கேட்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரம். ஐந்தே நிமிடம், மேல் வரியில் இருந்ததை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டினேன். மேல் வரியில் லீவ் சரி, அது பதிவுகள் தீர்ந்துபோன இடம். கீழ் வரியில் அது சரியில்லை. சிவப்பு மறைந்ததா என்று மட்டும் பார்த்தேன், மறைந்தது. அண்ணி வாசலில் டப்பாவோடு நின்று, "வரியா, இல்ல நானே உன்னுதையும் சேர்த்துச் சாப்பிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைப் பார்க்கவே கூடாது என்று ஒரு மனம், பார்க்காமல் எழுந்தால் நீ மனுஷியே இல்லை என்று இன்னொரு மனம்.

தையல்காரரின் பதிவுகளை எடுத்தேன். மூன்று இருந்தன. மேலே, அவருக்கு மூச்சடைத்த அன்று டாக்டர் புதிதாக ஏற்றிய பென்சிலின் பதிவு. நான் விசாரணையில் எண்ணை அடித்தபோது புரோகிராம் முதலில் பார்த்தது இதைத்தான், அதனால்தான் அன்றைக்குச் சிவப்பு வந்தது. அதற்குக் கீழே, வேறு ஏதோ மருந்துக்கு ஏற்றி ரத்து செய்த ஒரு பதிவு. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு வருடத்துப் பழைய பென்சிலின் பதிவு.

சோதனைக்கென்று இருக்கும் தனி இடத்துக்கு அவற்றை நகலெடுத்தேன். மேலே இருந்த புதிய பதிவை நீக்கினேன். இப்போது அந்தப் பட்டியல் அண்ணி ஊசியோடு நின்ற அந்த நிமிடத்தில் இருந்தபடியே இருந்தது. எண்ணை அடித்தேன்.

'தடை இல்லை.'

கீழே, ஓரத்தில், 17/03.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ரத்தான பதிவின் அந்தத் தேதி அவளுக்கு வேறு எந்த வழியிலும் தெரிந்திருக்க முடியாது. ஸ்கிரீனைப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். அவள் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக்கூட விடாமல் பார்த்திருக்கிறாள். பாவி நான், ஒரு மனிதரைச் சாகடித்தது என் ஒரு வரி. அதைச் சாமர்த்தியமாக அவள் தலையில் கட்டியது என் வாய்.

பிறகு செய்ததெல்லாம் வேகமாகச் செய்தேன். 'ஸ்கிரீனை நம்ப வேண்டாம், நோயாளியின் காகித அட்டையையும் கை வளையத்தையும் பாருங்கள்' என்று எல்லா வார்டுக்கும் செய்தி அனுப்பினேன். வரியைத் திருத்திச் சோதித்தேன். இதேபோல் மேலே ரத்தும் கீழே உயிருள்ள பதிவும் இருந்த நோயாளிகள் எத்தனை பேர் என்று தேடினேன். நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்கு என்னென்ன மருந்து போயிருக்கிறது என்று டாக்டர்கள்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி, இடது ஓரத்துக் குறி என்னுடையது என்பதையும் எழுதி, விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன்.

அவர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இப்போ சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். ஒரே ஒரு சொல்லுதான் மாத்தினேன்."

"அப்போ இதை இதோட விடு. மேல பேசி, மெதுவா..."

"குழுவுக்கு அனுப்பியாச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன் வேலை போகும், தெரியும்ல?"

"தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தி, "அந்த நர்ஸ் உன் அண்ணி இல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

படியில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். நானாக அழைத்து வருடக்கணக்காகிறது.

"அண்ணா, அண்ணி இப்போ எங்க வேலை பாக்குறாங்க?"

"எதுக்கு?"

"பேசணும்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சலவைக் கடை. ஏதாவது சொல்லி அவளை அழ வெச்சிடாத. இப்பத்தான் மாத்திரை இல்லாம தூங்க ஆரம்பிச்சிருக்கா."

சலவைக் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். இரண்டு பக்கமும் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் தொங்கின. ஒவ்வொன்றின் காலரிலும் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. முன் மேசையில் அண்ணி நின்றிருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், நான் மூன்றாவதாக நின்றேன்.

அவள் ரசீதை வாங்கி எண்ணை வாய்விட்டுப் படித்தாள். போய்ச் சட்டையை எடுத்து வந்து அதன் சீட்டில் உள்ள எண்ணைப் படித்தாள். மறுபடி ரசீது, மறுபடி சீட்டு. மூன்றாவது முறை விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள்.

"ஒரு சட்டைக்கு எத்தனை தடவைங்க பாப்பீங்க?" என்றார் வாடிக்கையாளர்.

"மூணு தடவைங்க," என்று சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு காலத்தில் இருபது பேருக்கு மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டே என்னோடு வம்பளந்தவள். ஏன் இப்படி மந்தமாகிவிட்டாள் என்று எனக்குப் புரியவில்லை.

என் முறை வந்ததும் நிமிர்ந்தாள். கை அப்படியே நின்றது. திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"துணி ஏதாவது குடுத்திருக்கியா?" என்றாள்.

"இல்ல அண்ணி." ஸ்கிரீனை அச்செடுத்த தாளை மேசையில் வைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. தலைகால் இல்லாமல் சொன்னேன். காலேஜ் பெண், ரத்தான பதிவு, ஐந்து நிமிடத்தில் நான் ஒட்டிய வரி, தையல்காரரின் மூன்று பதிவுகள் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தாளைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு?" என்றாள் முதலில்.

"நல்லா இருக்கா. ஊசி போடலை."

"அந்த வரியை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன். சரியும் பண்ணியாச்சு. அண்ணி, நீங்க என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆறு வருஷமா என்மேல கோபமா இருந்தீங்க. நியாயம்தான்."

"கோபமா?" அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "உன்மேல எனக்கென்ன கோபம்?"

"அப்புறம் ஏன் வீட்டுப் பக்கமே வரலை?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ அவ்வளவு உறுதியா சொன்னே. கம்ப்யூட்டர் உனக்குத்தான் தெரியும், எனக்கென்ன தெரியும்? அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நான் பாக்கவே இல்லையோன்னு. யோசிக்க யோசிக்க அந்த ஸ்கிரீன் ஞாபகத்துல கலங்கிப் போச்சு. ஒரு வருஷத்துல நானே நம்பிட்டேன். பாக்காம ஊசி போட்டு ஒரு மனுஷனைக் கொன்னுட்டு, தப்பிக்கறதுக்குத் தேதின்னு ஒண்ணை நானே கட்டிவிட்டேன்னு. உன் முகத்துல எப்படி முழிக்கிறது? பொய் சொல்லி உன் புரோகிராமுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கப் பாத்தவ நான்."

நான் அவளுடைய கோபத்துக்குத் தயாராகி வந்திருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை. என் ஒரு பேச்சு அவள் வேலையைத்தான் பறித்தது என்று நினைத்திருந்தேன், அவள் கண்ணையே பறித்துவிட்டிருக்கிறது. எதையும் மூன்று முறை பார்க்கிறாளே, அது இதனால்தான்.

"அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன்," என்றாள். "அவர் சம்சாரத்துக்கிட்ட, நான் பாக்கலைம்மா, என் தப்புதான்னு ஒத்துக்கிட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. இப்பவும் மாசத்துல ஒரு நாள் போவேன். துணி மடிச்சுக் குடுப்பேன், பாத்திரம் கழுவிக் குடுப்பேன். வேற என்ன செய்ய முடியும் என்னால?"

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தாளை அவள் பக்கம் நகர்த்தி, கீழ் ஓரத்தில் விரலை வைத்தேன்.

"பாருங்க அண்ணி."

அவள் குனிந்தாள். "பதினேழு மூணு," என்று வாய்விட்டுப் படித்தாள். மறுபடி, "பதினேழு மூணு." மூன்றாவது முறை எண்ணின் மேல் விரலை வைத்தாள், ஆனால் குரல் வரவில்லை.

"அப்போ நான் பாத்தேனா?" என்றாள் கடைசியில்.

"பாத்தீங்க. ஓரத்துல இருந்த தேதியைக்கூட சரியா பாத்தீங்க. சரியா சொன்னீங்க."

அவள் நின்றபடியே அழுதாள். எனக்குப் பின்னால் ரசீதோடு வந்து நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று கையால் சைகை காட்டிப் போய்விட்டார். பக்கத்தில் போய் அவள் தோளைத் தொடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. மேசை நடுவில் இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "நான் போய் சொல்லணும்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு வழி தெரியாது. இரு, உள்ள ஆளை நிக்கச் சொல்லிட்டு வரேன்."

இரண்டு பேரும் நடந்தோம். வழியில் அவள் ஒரு முறை தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நான்கு தெரு தள்ளி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்த வீடு. திறந்திருந்த ஜன்னலுக்குள் மூடி போட்ட தையல் இயந்திரம் ஒன்று தெரிந்தது. அண்ணிதான் கதவைத் தட்டினாள். திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அண்ணியைப் பார்த்து, "வா, இன்னிக்கு உன் நாள் இல்லையே?" என்றவர், என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"என் நாத்தனார்," என்றாள் அண்ணி.

அவள் மேலே சொல்லிவிடுவாளோ, எனக்குப் பதிலாக இதையும் அவளே சொல்லிவிடுவாளோ என்று பயந்துபோய் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி இவங்க பாத்தாங்க," என்றேன். "பாக்காதது நான்தான்."